நடுக்குவாதமும் மரபணுவும்: ஓர் ஆய்வு வரலாறு

நடுக்குவாதம் அல்லது பார்க்கின்சன் நோய் என்பது மூளை நரம்புச்செல்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் நோயாகும். ஓய்வாக இருக்கும்போது கை நடுங்குதல், உடல் விறைத்தல், அசைவுகள் மெதுவாதல், நடையில் தடுமாற்றம் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். இந்நோய் குடும்பவழி வருமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் 'வராது' என்றே விடை கூறியது. அந்த விடை மாறிய வரலாற்றையும், அது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, குறிப்பாகத் திண்டிவனம், விழுப்புரம் போன்ற வட்டாரங்களுக்கு, ஏன் முக்கியமானது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் அறியப்பட்ட வரலாறு

கம்பவாதம் என்ற பெயரில் ஆயுர்வேதமும், நடுக்குவாதம் என்ற பெயரில் சித்த மருத்துவமும் இத்தகைய நடுக்கத்தைக் குறிப்பிடுகின்றன. நவீன மருத்துவத்தில் இதை முதலில் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறு பேரின் நிலையை விவரித்தது. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்தவர்தாம். பின்னர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார்.

1912-இல் பிரெடெரிக் லூவி என்பவர் நோயாளிகளின் மூளைச்செல்களில் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவை இன்று லூவி உருண்டைகள் எனப்படுகின்றன. 1919-இல் திரெத்தியாகாஃப், நடுமூளையில் உள்ள கருநிறப் பகுதி சிதைவதே நோயின் அடிப்படை என்று காட்டினார்.

சென்னை ஆய்வுக்கூடமும் பூனைக்காலி விதையும்

இவ்வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. வேலியோரங்களில் படரும் பூனைக்காலிக் கொடியின் காய் மேல் பட்டால் தாங்க முடியாத அரிப்பு உண்டாகும். அதன் விதை நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 1937-இல் எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் சென்னையில் இவ்விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அம்முடிவை 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர். அவரைக்காயினத்தைச் சேர்ந்த மற்றொரு விதையிலிருந்து ஐரோப்பாவில் இப்பொருள் முன்னரே பெறப்பட்டிருந்தது. ஆனால் நடுக்குவாதத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது எவருக்கும் தெரியாது.

1957-இல் சுவீடன் அறிவியலாளர் ஆர்விட் கார்ல்சன், லெவோடோபா மூளையில் டோபமினாக மாறுவதையும், டோபமின் குறைந்து அசைவிழந்த விலங்குகள் அதனால் மீண்டும் இயங்குவதையும் காட்டினார். 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகியோர் நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் லெவோடோபாவை அதிக அளவில் வாய்வழி கொடுத்துப் பெரும் பயன் கண்டார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து இதுவே. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் அளவு சிறிது மாறினாலும் தீங்கு நேரும் என்பதால், பூனைக்காலி விதையைத் தாமாகவே இடித்துண்பது கூடாது.

'பரம்பரை நோய் அன்று'

மருந்து கிடைத்தாலும் நோய் ஏன் வருகிறது என்பது விளங்கவில்லை. 1983-இல் அமெரிக்க மருத்துவர் ரோஜர் டுவோய்சினும் அவருடைய குழுவினரும் இரட்டையர்களை ஆராய்ந்தனர். ஒரே கருவில் இருந்து பிரிந்த 43 இரட்டையர் இணைகளுள் ஒன்றில் மட்டுமே இருவருக்கும் நோய் உறுதியாக இருந்தது. எனவே பரம்பரைக்குப் பெரிய பங்கு இல்லை என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசி வழியே ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் நடுக்குவாத நோயாளிகளைப் போல விறைத்துப்போனதை வில்லியம் லேங்ஸ்டன் வெளிப்படுத்தினார். அம்மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கியிருந்தது. உடலில் அது மாறி உருவாகும் பொருள், பாராகுவாட் என்ற களைக்கொல்லியை வேதி அமைப்பில் ஒத்திருந்தது. ஆகவே ஆய்வாளர்களின் கவனம் முழுவதும் சுற்றுச்சூழல் நச்சுகளின் பக்கம் திரும்பியது.

ஓர் ஊர், ஒரு குடும்பம், ஒரு மரபணு

இக்கருத்தை மாற்றியது ஒரு குடும்பத்தின் வம்சாவளி. நியூஜெர்சியில் லாரன்ஸ் கோல்பி, டுவோய்சின் ஆகியோரிடம் வந்த நோயாளிகளின் முன்னோர், தென் இத்தாலியின் கொந்துர்சி என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்கள் எனத் தெரியவந்தது. பரம்பரைக்குப் பங்கு இல்லை என்று எழுதிய டுவோய்சினே இப்போது அந்த ஊரின் குடும்பக் கிளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேடினார். ஏறத்தாழ 600 உறுப்பினர்களில் 60 பேருக்கு நோய் இருந்தது.

1997-இல் மிகைல் பாலிமெரோபுலோஸ் தலைமையிலான குழு, இக்குடும்பத்தில் ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டறிந்தது. அதே ஆண்டில் ஸ்பிலாந்தினி, கோடெர்ட் குழுவினர், லூவி உருண்டைகள் பெரும்பாலும் இதே புரதத்தால் ஆனவை என்று காட்டினர். ஒரு குடும்பத்தில் கண்ட மாற்றம் எல்லா நோயாளிகளின் மூளையையும் புரிந்துகொள்ள வழிகாட்டியது. குடும்ப விவரங்களைப் பொறுமையாகக் குறித்து வைப்பது எவ்வளவு பெரிய அறிவியல் பணி என்பதற்கு இது சான்று.

ஓங்கு மரபும் ஒடுங்கு மரபும்

கொந்துர்சிக் குடும்பத்தில் நோய் ஓங்கு மரபாக வந்தது. அதாவது தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து மாறிய மரபணு வந்தாலே போதும். 2004-இல் கண்டறியப்பட்ட எல்ஆர்ஆர்கே2 மரபணுவும் இவ்வகையே. ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் அதன் புரதத்துக்கு 'டர்டரின்' என்று பெயரிட்டனர். பாஸ்க் மொழியில் 'டர்டரா' என்றால் நடுக்கம்.

ஒடுங்கு மரபில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வர வேண்டும். பெற்றோர் இருவரும் நலமாக இருந்தபடியே அதைச் சுமக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் நோய்க்கூறு முழுமையாகச் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஜப்பானில் இளவயதிலேயே நடுக்குவாதம் வந்த குடும்பங்களை 1973-இல் யமமுரா விவரித்தார். அவற்றுள் பல, உறவில் மணம் செய்தவர்களின் குடும்பங்கள். 1998-இல் கிடாடா, மிசுனோ, ஷிமிசு ஆகியோர் இதற்குக் காரணமான பார்கின் மரபணுவைக் கண்டறிந்தனர். 2004-இல் பிங்க்1 என்ற மரபணுவும் இவ்வகையில் சேர்ந்தது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை அகற்றுவதே இவ்விரண்டின் முக்கியப் பணி. கலிபோர்னிய நச்சு தாக்கிய அதே இடம் இது. மரபும் நச்சும் எதிரெதிர்க் காரணங்கள் அல்ல, ஒரே இடத்தைச் சென்றடையும் இரு வழிகள் என்பது இதனால் புலப்பட்டது.

இந்தியாவில் ஆய்வு

1988-இல் பரூச்சா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மும்பைப் பார்சி மக்களில் இலட்சத்துக்கு 328 பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. பின்னர் நடந்த மரபணு ஆய்வுகள், வட ஆப்பிரிக்கர்களிடமும் யூதர்களிடமும் மிகுதியாகக் காணப்படும் எல்ஆர்ஆர்கே2 மாற்றம் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது என்று தெரிவித்தன. பிற நாடுகளில் உருவான சோதனைப் பட்டியலை இங்கு அப்படியே பயன்படுத்த முடியாது என்பதே இதன் பொருள். 2019-இல் வெளியான பேராய்வு நோயுடன் தொடர்புடைய 90 மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஆனால் அது ஐரோப்பிய வழிவந்தோரை மட்டுமே கொண்டது. இக்குறையைப் போக்க, இந்திய நோயாளிகளின் மரபணு அமைப்பைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராயும் 'கேப்-இந்தியா' திட்டத்தின் விவரம் 2020-இல் வெளியானது.

நடுக்குவாதத்தோடு ஒப்பிடத்தக்க பிற நரம்பு நோய்களும் இப்பாடத்தையே கூறுகின்றன. எஸ்சிஏ12 என்ற சிறுமூளைச் சிதைவு நோய் பெரும்பாலும் கை நடுக்கத்துடன் தொடங்கும். 1999-இல் ஜெர்மானிய வழி அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர் வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தில் மிகுதியாக இருப்பது தெரிந்தது. நடையில் தள்ளாட்டத்தை உண்டாக்கும் எஸ்சிஏ1 நோய் ஒரு தமிழ்ச் சமூகத்தில் மிகுதியாக உள்ளதை 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழ் வெளியிட்டது. தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் எந்தச் சமூகத்திலும் முன்னோர் ஒருவரின் மரபணு மாற்றம் பலரிடம் நிலைத்துவிட வாய்ப்புண்டு.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுமுறைத் திருமணங்கள் என்று தேசிய குடும்பநல ஆய்வு காட்டியுள்ளது. அத்தை மகன், மாமன் மகள் ஆகியோரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. அக்காள் மகளை மணந்தால் அது நான்கில் ஒரு பங்கு. இதனால் ஒடுங்கு மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது.

நெல், கரும்பு, மணிலா பயிரிடும் வேளாண் வட்டாரம் இது என்பதால், பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் கையாள்வோரும் மிகுதி. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியின் ஜிப்மரும் இப்பகுதி மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஆயினும், 'வயதானால் கை நடுங்கத்தான் செய்யும்' என்று முதியவர்களை வீட்டிலேயே வைத்திருப்பதும், 'பெண் கொடுக்க மாட்டார்கள்' என்று அஞ்சி இளையவர்களின் நோயை மறைப்பதும் ஊர்களில் காணப்படுவதே. முதலாவதால் சிகிச்சை தாமதமாகிறது. இரண்டாவதால் அடுத்த தலைமுறைக்குத் தேவையான குடும்ப விவரம் அழிந்துபோகிறது.

அச்சத்துக்கு இதில் இடமில்லை. ஒரே மரபணு மாற்றத்தால் நோய் வருவது நோயாளிகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே. எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. நோய் தொற்றாது. லெவோடோபா பல ஆண்டுகள் பயன் தரும். 50 வயதுக்கு முன் நடுக்கமோ விறைப்போ தொடங்கினால், அல்லது குடும்பத்தில் இருவருக்கு மேல் இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொந்துர்சி ஊரார் தம் பாட்டன், பூட்டன் பெயர்களை நினைவுகூர்ந்து சொன்னதால்தான் ஒரு மரபணு வெளிப்பட்டது. தமிழ்நாட்டின் குடும்ப விவரங்களும் அதுபோல மறைக்கப்படாமல் மருத்துவரைச் சென்றடைந்தால், இங்குள்ள நோயாளிகளுக்குப் பொருந்தும் விடைகளும் இங்கிருந்தே கிடைக்கும்.