கடல் மீனுக்கு ஓய்வு வந்த கதை

சித்திரை, வைகாசியில் நெய்வேலி மார்க்கெட்டில் கடல்மீன் விலை ஏறிவிட்டதென்று நாம் முணுமுணுப்பது வழக்கம். அதற்கொரு சரித்திரம் உண்டு.

நெய்வேலியில் 1957-ல் பழுப்பு நிலக்கரிக்கு மண் தோண்டத் தொடங்கியபோது, கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் கட்டுமரந்தான் அதிகம். பிறகு விசைப்படகும் இழுவலையும் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை, சும்மா விடுவார்களா? கடலடியை வாரிவந்த வலையில் குஞ்சும் சினைமீனும் சேர்ந்தே வந்தன. விதைநெல்லைக் குத்தித் தின்றால் அடுத்த போகம் ஏது? கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் சண்டை மூண்டது.

1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்றாயிற்று. 2001 முதல், மீன் சினைபிடிக்கும் காலமென்று ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-ல் அது 61 நாளாயிற்று. நம்ம கணக்கில் சித்திரை பிறந்ததிலிருந்து வைகாசி முடிகிறவரை.

சுருக்குமடி வலை விவகாரம் வேறு. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் இதை 2000-ல் அரசு தடுத்தது. எங்களுக்கு என்ன மிஞ்சும் என்கிறார் சிறுவலைக்காரர். கடன்பட்டு வாங்கிய வலையாச்சே என்கிறார் மற்றவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் போகலாமென்று இடைக்கால உத்தரவு போட்டது.