குருதித் தேர்வும் நச்சுயிரிச் சொற்களும்

குருதியைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. உதிரம், சோரி, நெய்த்தோர், எருவை, செந்நீர் எனப் பல பெயர்கள் இலக்கியத்தும் நிகண்டுகளிலும் காணப்படுகின்றன. சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழனுள் செந்நீரை இரண்டாவதாக எண்ணும். ஆயினும், குருதியை ஆய்ந்து நோயறிதற்குரிய சொற்கள் அம்மரபிலிருந்து நமக்கு வந்து சேரவில்லை. அதன் காரணத்தையும், பின்னர் அமைந்த சொற்களின் தகுதியையும் ஈண்டு ஆராய்வோம்.

சித்த மருத்துவர் கொண்ட எண்வகைத் தேர்வாவன நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்பன. இவ்வெட்டனுள் குருதி இல்லை. குருதி வாங்கலும் அட்டை விடலும் புறமருத்துவ முறைகளாக எண்ணப்படுகின்றன. எனவே, குருதி நோய் தீர்த்தற்பொருட்டு வெளியேற்றப்பட்டதேயன்றி, நோய் அறிதற்பொருட்டு எடுக்கப்பட்டதன்று என்பது பெறப்படும். நோய்ப்பெயர்களும் கண்ணுக்குப் புலனாகும் குறிகளைப் பற்றியே பெரிதும் எழுந்தன. மஞ்சட்காமாலை என்னும் பெயர் விழியிலும் தோலிலும் தோன்றும் நிறத்தைச் சொல்லுமேயன்றி, அந்நிறத்திற்குக் காரணம் யாது என்பதைச் சொல்லாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். அவர் மறைந்தது 1884இல். நுண்வடிகட்டியிலும் தங்காத நோய்க்காரணி ஒன்று உண்டென்பதைப் புகையிலைச் செடியின் நோயைக்கொண்டு இவானோவ்சுகி 1892இல் காட்டினார். 1898இல் பெய்யரிங்கு அதனை வைரசு என்றார். ஆதலின், இத்துறைச் சொல்லாக்கம் கிறீனுக்குப் பிற்பட்டோர் மேற்கொண்ட பணியாயிற்று.

வைரசு என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் நஞ்சு என்பது. அப்பொருளைத் தழுவியதே நச்சுயிரி. உயிரணுவிற்குப் புறத்தே தானாகப் பெருகமாட்டாத ஒன்றினை உயிரி எனல் தகுமோ என ஐயுறுவோர் தீநுண்மி என்பர். இவ்வேறுபாடு அறிஞர்க்கு ஆராய்ச்சிக்குரியதேனும், நோயாளர்க்குத் தீங்கு செய்வதன்று.

தீங்கு விளையுமிடம் வேறு. அது தேர்வு முடிவைக் கூறும் சொல். முடிவுகளை நேர்மறை, எதிர்மறை என எழுதும் வழக்கம் உளது. தமிழிலக்கணத்தில் எதிர்மறைக்கு இணையாவது உடன்பாடு. மறை என்பதே மறுத்தலைக் குறிக்குமாதலின், நேர்மறை என்னும் தொடர் தன்னைத்தானே மறுக்கின்றது. மேலும், பொதுவழக்கில் நேர்மறை நன்மையையும் எதிர்மறை தீமையையும் உணர்த்த, மருத்துவமனைத் தாளிலோ அவை பெரும்பாலும் மாறி நிற்கின்றன.

பெரும்பாலும் என்றது காரணம்பற்றியே. கல்லீரல் அழற்சி ‘பி’ நோய்க்குரிய குருதித் தேர்வில், நச்சுயிரியின் புறப்பரப்பிலுள்ள பிறபொருளெதிரியாக்கி காணப்படின் தொற்று உளது என்பது பொருள். அதற்கெதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரி காணப்படினோ, தடுப்பூசியாலோ நோய் நீங்கியதாலோ காப்பு உளது என்பது பொருள். இரண்டிற்கும் முடிவு நேர்மறையே. ‘ஆக்கி’ என்னும் ஈற்றுச்சொல் ஒன்றே நோயையும் காப்பையும் பிரித்து நிற்கின்றது. அச்சத்தோடு தாளைப் படிப்பவர் அதனைக் காணாது விடுதல் எளிது.

எதிர்மறை என்பதும் எஞ்ஞான்றும் ‘நோயின்மை’ ஆகாது. 1986இல் சென்னையில் குருதித் தேர்வின் வழியே எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. பிறபொருளெதிரியைத் தேடும் தேர்வில், தொற்றிய தொடக்க வாரங்களில் அப்பொருள் போதிய அளவு தோன்றாமையின், தொற்று இருந்தும் முடிவு எதிர்மறையாதல் கூடும். ‘இல்லை’ என நம்பியவர் தம்மையறியாமலே பிறர்க்கு நோயைத் தருதல் நேரும்.

எனவே, தேடிய பொருள் இன்னதென முதலில் கூறி, அது ‘காணப்பட்டது’ அல்லது ‘காணப்படவில்லை’ என வினைமுற்றால் முடித்து, அதன் பயனை ஒரு வரியில் விளக்குதலே தக்கதென்பது எம் கருத்து. காணப்படாமை வேறு, இன்மை வேறு. இவ்வேறுபாட்டைக் காக்கும் ஆற்றல் தமிழ் வினைச்சொற்களுக்கு உண்டு. அதனைப் பயன்கொள்ளுதல் மருத்துவர்க்கும் தமிழறிஞர்க்கும் ஒருங்கே உரிய கடமையாம்.