தமிழ்ல ஃபேன்டஸி இல்லைன்னு யார் சொன்னது?

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல்ல இருந்து பேசுறேன்.

புத்தகம் படிக்கிற நண்பர்கள் ஒரு கட்டத்துக்கு மேல எல்லாருமே கேக்குற கேள்வி இது. ஹாரி பாட்டர் முடிச்சாச்சு, லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முடிச்சாச்சு, ஜார்ஜ் மார்ட்டினோட அடுத்த பாகத்துக்குக் காத்திருந்து கண்ணு பூத்துப்போச்சு. அதிகம் பேர் பேசாத நல்ல ஃபேன்டஸி கதை ஏதாவது இருந்தா சொல்லுங்க. தமிழ்ல இருந்தா இன்னும் நல்லது, ஆனா தமிழ்லதான் ஃபேன்டஸியே கிடையாதே?

அந்தக் கடைசி வரியைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

தமிழ்ல ஃபேன்டஸி இருக்கு. ஆயிரம் வருஷமா இருக்கு. ஆனா அந்தப் பேர்ல இல்ல. ஒண்ணைக் 'காப்பியம்'னு சொல்லித் தமிழ் வகுப்புக்குள்ள பூட்டி வெச்சோம். இன்னொண்ணைப் 'பாட்டி கதை'ன்னு ஒதுக்கினோம். மூணாவதைச் 'சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்'னு பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டோம். நான் வேலை பார்க்குற சாஃப்ட்வேர் துறையில, தப்பான ஃபோல்டர்ல சேமிச்ச ஃபைலுக்கும் அழிச்சுட்ட ஃபைலுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. தேடுறவங்களுக்கு ரெண்டுமே கிடைக்காது. அதனால இன்னிக்கு வெறும் பட்டியல் மட்டும் தராம, ஒவ்வொரு புத்தகமும் எப்படிக் காணாமப் போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சு, எது இன்னும் வரலைங்கிறதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல 1880-க்குப் போவோம்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், கும்பகோணம். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. மணிமேகலை? சிலப்பதிகாரம்? அவையும் இல்லை. பிறகு தன்னிடம் இருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை முதலியாரே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல், நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி அச்சில் வந்தது. சாமிநாதையரின் பெரும்பணி அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

இதை ஒரு வாசகனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட 'இதைப் படிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டிருக்கார். நாம டீக்கடையில கேக்குற அதே கேள்விதான்.

சரி, அந்தப் புத்தகத்துக்குள்ள என்ன இருக்கு? ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், மனைவி விசயை மேல இருக்கிற மயக்கத்துல ஆட்சியை மந்திரி கட்டியங்காரன் கையில குடுத்துடுறான். மந்திரி துரோகம் பண்றான். ஆபத்து வரும்னு தெரிஞ்ச அரசன், பறக்குற மயில் இயந்திரம் ஒண்ணை முன்கூட்டியே செய்ய வெச்சிருக்கான். கர்ப்பிணி ராணியை அதுல ஏத்தி அனுப்பிட்டு, சண்டையில செத்துப்போறான். மயில்பொறி ஒரு சுடுகாட்டுல இறங்குது. வாரிசு அங்கேயே பிறக்குறான். ஒரு வணிகன் வீட்டுல வளர்றான். பின்னாடி, சாகக் கிடக்குற ஒரு நாயோட காதுல அவன் மந்திரம் சொல்றான். அந்த நாய் சுதஞ்சணன்ங்கிற தேவனா மறுபிறவி எடுத்து, இவனைக் கொல்ல வர்ற நேரத்துல காப்பாத்தி, நினைச்ச உருவம் எடுக்குறது உட்பட மூணு மந்திரங்களைக் கத்துக்குடுக்குது.

இயந்திரப் பறவை, துரோகி மந்திரி, சுடுகாட்டுல பிறந்த இளவரசன், நன்றி மறக்காத நாய். ஃபேன்டஸி வாசகர் யாருக்காவது இதுக்கு அறிமுகம் வேணுமா? 3,145 பாட்டுங்கிற எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல்ல ஒரு உரைநடைச் சுருக்கம் படிங்க. அப்புறம் மயில்பொறி வர்ற முதல் பகுதி, நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையோட எடுத்துப் பாருங்க.

இதுக்கு ஒரு துணைப் படிப்பு எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. சிந்தாமணி எழுதின திருத்தக்கதேவர் சமணர். சாமிநாதையர் அதைப் புரிஞ்சுக்கவே கும்பகோணத்துச் சமணர்கள்கிட்ட போய்ப் பாடம் கேட்டார். அந்தச் சமண உலகம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா, சித்தன்னவாசல் அறிவர் கோயில் மேற்கூரையை அண்ணாந்து பாருங்க. தாமரைக்குளம், மீன், அன்னம், யானை, எருது, பூப்பறிக்கிற மனுஷங்க. தீர்த்தங்கரர் அறம் சொல்ற தெய்விகச் சபையான சமவசரணத்துக்குப் போற வழியில இருக்கிற குளம் அது. 9-ஆம் நூற்றாண்டுல, கண்ணால பார்க்க முடியாத ஒரு உலகத்தை அளந்து, விதி வெச்சு, கூரையில வரைஞ்சிருக்காங்க. இன்னிக்கு ஃபேன்டஸி நாவல்களோட முதல் பக்கத்துல வரைபடம் போடுறாங்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூரைதான் ஞாபகம் வரும்.

அடுத்தது, பாட்டி கதைன்னு நாம ஒதுக்கின ஃபோல்டர். மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் 'பெரிய எழுத்து' புத்தகங்களா மலிவு விலையில அச்சாகி, சந்தையிலயும் திருவிழாவுலயும் வித்தது. மதனகாமராஜன் கதையை 1886-லேயே நடேச சாஸ்திரி ஆங்கிலத்துல மொழிபெயர்த்து, திராவிட நாட்டு இரவுக் கதைகள்ங்கிற மாதிரி ஒரு தலைப்புல வெளியிட்டார். அதாவது, சிந்தாமணி அச்சாகுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இந்தக் கதைகள் ஆங்கிலத்துக்குப் போயிடுச்சு. நமக்கு இன்னிக்கு அந்தப் பேரைக் கேட்டா கமல் படம்தான் ஞாபகம் வருது. எடுத்துப் படிங்க. கதைக்குள்ள கதை, சாபம், உருவம் மாறுறதுன்னு எதுக்கும் குறைவில்ல.

நவீன இலக்கியத்துலயும் இருக்கு. புதுமைப்பித்தனைக் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வழியா எல்லாருக்கும் தெரியும். அவரோட 'பிரம்ம ராக்ஷஸ்', 'கபாடபுரம்' ரெண்டையும் ஃபேன்டஸின்னு நினைச்சு ஒருதடவை படிச்சுப் பாருங்க. அவர் யதார்த்த எழுத்தாளர் மட்டும்தான்ங்கிற எண்ணம் போயிடும்.

இப்போ 1954. அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் டோல்கீனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் பாகம் வெளியானது. அதே ஆண்டு சென்னையில், சந்தமாமா பத்திரிகையில், 'தோகசுக்க' என்ற தெலுங்கு மாயாஜாலத் தொடர் ஆரம்பமானது. வால்நட்சத்திரம் என்று பொருள். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய இதழ் அது. நமக்கு அது அம்புலிமாமா. அந்தத் தொடரிலிருந்து 1970-களின் கடைசிவரை பன்னிரண்டு நீண்ட ஃபேன்டஸி தொடர்கள் வந்தன. எழுதியவர் ஒரே ஆள், தாசரி சுப்ரமணியம். தொடர்களில் ஆசிரியர் பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லாததால் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அவர் பெயர் தெரியவே தெரியாது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதை வரைந்த சங்கரின் பெயர்கூடப் பலருக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. தாசரி 2010-இல் காலமானார்.

ரெண்டு பேருமே வாள், கோட்டை, மந்திரவாதி வெச்சுத்தான் எழுதினாங்க. ஒருத்தருக்குச் சங்கம், ஆய்வு, சினிமா எல்லாம் வந்துச்சு. இன்னொருத்தருக்குக் கதைக்குக் கீழ பேர்கூட இல்ல. தரத்தை ஒப்பிட்டு இதைச் சொல்லலை. பேர் இல்லாத எழுத்தை எப்படித் தேடுவீங்க, யார்கிட்ட கேப்பீங்க, அதுதான் என் கேள்வி.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். புதுக்கோட்டைக்குத் தெற்கே, ராயவரத்துல பிறந்தவர் சக்தி இதழ் நடத்தின வை.கோவிந்தன். 'அணில்', 'பாப்பா'ன்னு சிறுவர் இதழ்களும் நடத்தினார். குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா அதே ராயவரம். அந்தப் பக்கத்து அரிமளத்துல 1925-ல பிறந்தவர் வி.கிருஷ்ணமூர்த்தி. 'கௌசிகன்'ங்கிற பேர்ல பெரியவங்களுக்குச் சரித்திரக் கதையும் சமூகக் கதையும் எழுதினார். அவருக்கு ஓவியர் மாலி வெச்ச இன்னொரு பேர்தான் நிலைச்சது. வாண்டுமாமா.

கல்கி நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 1972-இல் தொடங்கிய கோகுலத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 1984-இல் பூந்தளிர் வந்தபோது அதன் ஆசிரியர். கல்கியில் வந்த அவருடைய படக்கதைகளின் தலைப்புகளை மட்டும் கேளுங்கள்: 'ஓநாய்க் கோட்டை', 'கனவா நிஜமா?', 'கழுகு மனிதன் ஜடாயு', 'பலே பாலுவும் பறக்கும் டிராயரும்'. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். 2014 ஜூனில் காலமானார்.

அந்தப் பறக்கும் டிராயர்ல ஒரு நிமிஷம் நில்லுங்க. அரபு நாட்டுக் கதையில கம்பளம் பறக்கும். ஐரோப்பாவுல துடைப்பம் பறக்கும். நம்ம ஊர்ப் பையன்கிட்ட என்ன இருக்கு? அரை டிராயர்தான் இருக்கு. அதையே பறக்க விட்டார் மனுஷன். ஜடாயுவும் அப்படித்தான். இராமாயணத்துப் பேரை எடுத்து ஒரு சாகச நாயகனுக்குச் சூட்டுறார். வெளியில இருந்து வந்த ஃபேன்டஸி வடிவத்தை எப்படிச் சொந்தமாக்குறதுன்னு இன்னிக்கு எழுதுறவங்க மண்டையைப் பிச்சுக்குறாங்க. அவர் அதை வாராவாரம் செஞ்சார்.

ஆனா பேர்லயே 'வாண்டு' இருக்கு பாருங்க. அந்தப் பேர் அவரைக் குழந்தைகள் வீட்டுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துச்சு. அந்தக் குழந்தைங்க வளர்ந்ததும் அவரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க. கௌசிகனும் வாண்டுமாமாவும் ஒரே ஆள்னு தெரியாத வாசகர்கள் இன்னிக்கும் உண்டு.

இது தமிழுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. அமெரிக்காவிலும் பெரியவர்களுக்கான ஃபேன்டஸி என்று தனி அலமாரி ரொம்பக் காலம் கிடையாது. டோல்கீன் பேப்பர்பேக்கில் வந்து சக்கைப்போடு போட்ட பிறகு, 1969-இல் பாலன்டைன் பதிப்பகம் லின் கார்ட்டர் என்பவரை வைத்து ஒரு வரிசை தொடங்கியது. அட்டையில் ஒற்றைக்கொம்புக் குதிரைத் தலை முத்திரை. அதில் பெரும்பகுதி பழைய, மறந்துபோன புத்தகங்கள். ஐந்தாண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை வந்தன. அப்படி 1970-இல் மீண்டும் வந்ததுதான் ஹோப் மிர்லீஸ் 1926-இல் எழுதிய 'லட் இன் த மிஸ்ட்'. ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பதிப்பகத்துக்குத் தெரியவில்லை. அவரிடம் அனுமதி கேட்காமலே அச்சிட்டார்கள். அவரோ 1978 வரை வாழ்ந்தார்.

அனுமதி கேட்காதது தப்புதான். ஆனா அந்த நாவல் இன்னிக்கும் கிடைக்குதுன்னா அந்த மறுபதிப்புக்கும் அதுல பங்கு இருக்கு. ஆங்கிலத்துல ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். தேவதை நாட்டோட எல்லையில ஒரு வியாபார ஊர். அங்க தேவதைப் பழத்தைக் கள்ளக்கடத்தல் பண்றாங்க. ஊர் மேயரோட மகனே அதைத் தின்னுடுறான். போர் இல்ல, டிராகன் இல்ல, ஆனா கீழே வைக்க முடியாது.

நான் கவனிச்சது இவ்வளவுதான். ஒரு வகை இலக்கியம் 'இருக்கு'ன்னு ஊர் ஒத்துக்கிறதுக்குப் புதுசா எழுதினா மட்டும் போதாது. பழசை யாராவது தேடி எடுத்து, சரியான பேர் போட்டு, அடுத்த ஆள் கையில குடுக்கணும். சிந்தாமணிக்கு ஒரு முன்சீப்பும் ஒரு தமிழ் வாத்தியாரும் கிடைச்சாங்க. மிர்லீஸுக்கு ஒரு பதிப்பாசிரியர் கிடைச்சார். வாண்டுமாமா புத்தகங்கள் பலதை வானதியும் கவிதாவும் பதிப்பிச்சிருக்காங்க. ஆனா பத்திரிகையிலயே தங்கிப்போன பக்கங்கள் எவ்வளவோ. மட்டக் காகிதம், ஸ்டேப்பிள் துரு, கரையான்.

நம்ம வீடுகள்ல தொடர்கதையைக் கிழிச்சு பைண்ட் பண்ற பழக்கம் இருந்துச்சு. அத்தை வீட்டுப் பரண்ல, தாத்தா டிரங்குப் பெட்டியில அப்படி ஒண்ணு கிடந்தா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது எடைக்குப் போட்டுடாதீங்க. பூந்தளிரா, கோகுலமா, கல்கியான்னு பாருங்க. தேதி, இதழ் எண், தொடர் பேர், எழுதினவர், வரைஞ்சவர், எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி உள்ள செருகுங்க. உரிமை இருக்கிறதால அப்படியே ஸ்கேன் பண்ணி இணையத்துல ஏத்தச் சொல்லலை. என்ன இருக்குன்னு பட்டியல் இருந்தாத்தான் நாளைக்கு ஒரு பதிப்பகம் தேடும்போது கிடைக்கும்.

அப்புறம், இன்னிக்குச் சொன்னதுல ஒண்ணை எடுத்துப் படிங்க. பிடிச்சிருந்தா ஒரே ஒரு ஆள்கிட்ட, இதைப் படிச்சிருக்கீங்களான்னு கேளுங்க. எங்க தொடங்குறதுன்னு குழப்பமா இருந்தா, பறக்கும் டிராயர்ல ஏறுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.