உரையாசிரியர்கள் வளர்த்த வினா நெறி

ஒரு செய்யுளைப் பொருளுணர்ந்து படிக்க மாணாக்கன் எவ்வெவற்றைப் பழகிக்கொள்ளவேண்டும்? இக்கேள்வியைக் கல்வியாளர் பலர் இன்று புதிதாகத் தோன்றியது போலப் பேசக் கேட்கின்றோம். தமிழில் இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட விடை ஒன்று உண்டு. அதற்கு உரை என்று பெயர். உரை என்றவுடன் பாட்டின் அடியில் அச்சிடப்பட்ட பொருள் விளக்கம் என்றே நாம் நினைக்கின்றோம். தலைநகரில் வாழும் நம் இல்லங்களிலும், தேர்வுக்கு முன்னர்க் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் பகுதி அதுவே. ஆனால் உரை பிறந்த வரலாற்றை நோக்கின், அது முடிந்த முடிபாகப் பிறக்கவில்லை. ஆசிரியனும் மாணாக்கனும் எதிரெதிர் அமர்ந்து நிகழ்த்திய உரையாடலாகவே பிறந்தது என்பது விளங்கும்.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உரைகளுள் ஒன்று இறையனார் களவியலுக்கு அமைந்த உரை. நூல் சிறியது, அறுபது நூற்பாக்களே உடையது. உரையோ விரிந்தது. அவ்வுரை தன் வரலாற்றைத் தானே கூறுகின்றது. புலவர் பலரும் தத்தமக்குத் தோன்றியவாறு உரை கண்டனர். எது மெய்யுரை எனத் துணிய, பேசாத சிறுவனாகிய உருத்திரசன்மனை அமர்த்தி, அவன் கேட்க ஒவ்வொருவராக உரைத்தனர். நக்கீரர் உரைத்தபோது அச்சிறுவன் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்பது கதை. பின்னர் அவ்வுரை பத்துத் தலைமுறையாக வாய்மொழியாகவே வழங்கி முசிறி நீலகண்டனாரை அடைந்தது என்பர். இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இக்கதையைப் புனைந்தவர் உரையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் கருதத்தக்கது. உரை காதால் கேட்கப்படுவது. கேட்பவன் உள்ளம் அசைந்தாலன்றி உரை நிறைவெய்தாது. அவ்வுரையின் நடையும் அதற்கேற்ப அமைந்துள்ளது. மாணாக்கனுக்கு எழக்கூடிய ஐயத்தை உரைகாரரே எழுப்புவார், விடை தருவார், அவ்விடையிலிருந்து மற்றோர் ஐயத்தைக் கிளப்புவார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இம்மரபுக்கு இலக்கணமே வகுத்தார். உரையின் கூறுகளாக அவர் பதினான்கைக் கூறுகின்றார். பாடம், கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவை எவரும் எதிர்பார்க்கத் தக்கவை. வினாவும் விடையும் தனித்தனிக் கூறுகளாக எண்ணப்பட்டிருப்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. சுருங்கிய உரையாகிய காண்டிகைக்கு ஐந்து கூறுகளே போதும் என்று சுருக்கும்போதும் வினாவையும் விடையையும் அவர் விடவில்லை. எவ்வளவு சுருக்கினாலும் கேள்வியைச் சுருக்கலாகாது என்பது அவர் கருத்துப் போலும்!

கற்கும் முறை பற்றி அவர் தரும் கணக்கும் சுவையானது. ஆசிரியன் உரைத்ததை நன்றாகவே ஏற்றுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் கிட்டும். எஞ்சிய அரையோ பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் வரும். வகுப்பறையில் ஆசிரியர் மட்டுமே பேசும் கல்விக்கு இக்கணக்குப்படி இருபத்தைந்து மதிப்பெண்ணே!

உரையாசிரியர் தமக்குள் மாறுபட்டதும் இந்நெறியின் ஒரு பகுதியே. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களுக்கும் உரை கண்ட இளம்பூரணரை, உரையாசிரியர் என்றே பெருமையாகச் சுட்டுகின்றார் சேனாவரையர். அவ்வாறு சுட்டிய கையோடு, சொல்லதிகாரத்தில் பல இடங்களில் அவரை மறுக்கவும் செய்கின்றார். திருக்குறளுக்கு உரை கண்டவர் பதின்மர் என்பது வழக்கு. இன்று நம் கையில் இருப்பவை மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகள். மணக்குடவர் கொண்ட குறள் வைப்புமுறை பல அதிகாரங்களில் பரிமேலழகர் கொண்டதினின்றும் வேறுபடும். சில இடங்களில் பாடமே வேறுபடும். பரிமேலழகர் தம் கொள்கையை நிறுவும்போது பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் எடுத்துக்காட்டிவிட்டே அவற்றை விலக்குகின்றார். அதனால் அவர் முடிபை ஏற்காத மாணாக்கனுக்கும் அவர் உரையிலேயே மறுப்புக்கு வேண்டிய கருவி கிடைத்துவிடுகின்றது. எதிர்க்கட்சியின் சான்றையும் தம் கையாலேயே மன்றில் வைக்கும் வழக்கறிஞர் அவர்.

உரையாசிரியர்களுள் மிகப் பரந்த கல்வியுடையவர் நச்சினார்க்கினியர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சிந்தாமணி எனப் பெரு நூல்கள் பலவும் அவர் கைப்பட்டன. பாட்டின் ஓரிடத்துச் சொல்லைத் தொலைவிலுள்ள மற்றோரிடத்துச் சொல்லோடு இணைத்துப் பொருள் காண்பது அவர் வழக்கம். இதனை மாட்டு என்பர். முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது; பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அதனையும் அவர் இவ்வாறு முன்பின்னாக மாற்றிக் கூட்டுகின்றார். இலக்கண மரபோடு பாட்டு முரணின்றி நிற்கவேண்டும் என்ற அக்கறை அவருடையது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய மறைமலையடிகள், 1903ஆம் ஆண்டில் முல்லைப்பாட்டிற்கும் 1906ஆம் ஆண்டில் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். புலவன் சொற்களை நிறுத்திய முறையிலேயே பாட்டைப் படிக்கவேண்டும். அம்முறையைக் கலைத்தால் பாட்டின் உயிர் போய்விடும் என்பது அடிகளின் கட்சி. முல்லைப்பாட்டைப் பொறுத்தமட்டில் அடிகள் பக்கமே என் மனம் சாய்கின்றது. மழை பெய்யும் மாலைப்பொழுதில் தொடங்கி, காத்திருக்கும் அரசியின் மாளிகையிலும் அரசனின் பாசறையிலும் புகுந்து, மீளும் தேரின் ஒலியோடு முடியும் அப்பாட்டின் ஓட்டத்தை ஏன் உடைக்கவேண்டும்? ஆனால் நச்சினார்க்கினியரைக் குறைத்துப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் உரை எழுதி வைத்திராவிடின் அடிகள் மறுப்பதற்கும் ஒன்றுமில்லை. சொல்வைப்பு முறை என்னும் கேள்வியே எழுந்திராது.

நச்சினார்க்கினியர் உரை மற்றொருவருக்கும் ஆசானாயிற்று. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கலம்பகங்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றால் வியப்படையவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வொரு வினாவே சிந்தாமணிப் பதிப்பாக 1887இல் மலர்ந்தது. (இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் அந்தாதிகளை எள்ளுவது வழக்கம். யமகமும் திரிபும் அமைந்த செய்யுட்களில் சொல் பிரித்துப் பழகிய கண்ணே ஏட்டுச்சுவடியைப் படிக்க வல்லதாயிற்று என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.)

சிந்தாமணி உரையில் மேற்கோள்கள் நிறைந்திருந்தன. பல எந்த நூலைச் சேர்ந்தவை என்ற குறிப்பே இன்றிக் கிடந்தன. உரையாசிரியர் காலத்து மாணாக்கனுக்குக் குறிப்புத் தேவைப்பட்டிராது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்தவருக்கோ ஒவ்வொரு மேற்கோளும் ஒரு புதிராயிற்று. அப்புதிர்களைத் தொடர்ந்து சென்ற ஐயர், திருவாவடுதுறையில் இருந்த ஏடுகளில் பத்துப்பாட்டைக் கண்டார். சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே சென்று கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணாக்கராகிப் பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்வதற்கு அவர் நாணவில்லை.

அவ்வுழைப்பின் கனிந்த வடிவம் 1937இல் வெளிவந்த குறுந்தொகைப் பதிப்பு. அதில் பாட்டின்கீழ்ப் பாடவேறுபாடு, பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என ஒழுங்காக அமைந்திருக்கும். இவற்றுள் முடிபு என்பது சில சொற்களே கொண்ட சிறு பகுதி. எழுவாய் எது, எது எதனோடு சென்று முடிகின்றது என்று மட்டும் அது கூறும். மாணாக்கர் பெரும்பாலும் தாண்டிச் செல்வது அதனையே. தொடர் எவ்வாறு முடிகின்றது என அறியாமல் நயம் பாராட்டத் தொடங்குவது, அடித்தளம் இடாமல் கோபுரத்துக்குச் சுதை பூசுவதை ஒக்கும்.

கபிலர் பாடிய இருபத்தைந்தாம் குறுந்தொகைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைவன் தன்னைக் களவில் மணந்த அன்று வேறெவரும் இல்லை என்கின்றாள் தலைவி. அவன் சொன்ன சொல் பொய்த்தால் நான் என் செய்வேன் என்று கலங்குகின்றாள். பின்னர், ஓடும் நீரில் ஆரல்மீனின் வரவு பார்த்து நின்ற, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலையுடைய குருகு ஒன்றும் அங்கு இருந்தது என்று முடிக்கின்றாள். பதவுரை இவ்வளவே. இனித்தான் வினாக்கள். ஒருவரும் இல்லை என்றவள், குருகு இருந்தது என்று ஏன் சொல்லவேண்டும்? குருகு என்னும் சொல்லோடு ஓர் உம்மை ஒட்டி நிற்கின்றதே, அது அவனும் குருகும் எனச் சேர்க்கும் எச்சவும்மையா, குருகேனும் இருந்தது எனத் தாழ்த்தும் இழிவு சிறப்பும்மையா? அதன் கால் நிறத்தைக் கூட மறவாமல் நினைவில் வைத்திருப்பவள் அன்று எவ்வளவு நேரம் அதனை நோக்கியிருப்பாள்? ஓர் உம்மையில் தொடங்கிய இலக்கண ஐயம், ஒரு பெண்ணின் அச்சத்தில் சென்று நிற்கின்றது.

இன்று கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள் உரை மரபினின்று விடையை மட்டும் எடுத்துக்கொண்டன. வினாவை வினாத்தாள் அமைப்போரிடம் விட்டுவிட்டன. ஊரில் வளரும் பிள்ளைக்கு இதனால் நேரும் இழப்பு ஓரளவு ஈடுசெய்யப்படும்; தெருவும் கோயிலும் பாட்டியும் அவனுக்கு வேறு வகையில் தமிழ் தருவர். நம் பிள்ளைகளுக்கு அவ்வசதி இல்லை. வாரத்தில் ஒரு மணிநேரத் தமிழ் வகுப்பிலும் ஆயத்த விடையே கிடைக்குமாயின், தமிழ் அவர்களுக்கு மற்றொரு பாடமாக மட்டுமே எஞ்சும்.

அத்தகைய வகுப்பொன்றில் சென்ற குளிர்காலத்தில் இப்பாட்டைச் சொல்லநேர்ந்தது. ஆரல்மீனை அப்பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் யமுனைக் கரைச் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கை எல்லாரும் கண்டிருந்தனர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலிருந்த சிறுமி ஒருத்தி, “அந்தக் கொக்கு மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது, மாமா? அது எப்படிச் சாட்சி சொல்லும்?” என்று கேட்டாள். நான் மகிழ்ந்து விளக்கத் தொடங்குமுன், அவளருகில் இருந்த சிறுவன், “சாட்சி சொல்லாது என்று அவளுக்கே தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்” என்றான். தெரிந்தும் ஏன் சொல்கின்றாள் என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அழைத்துச் செல்ல வந்த பெற்றோர் வாயிலில் காத்து நின்றனர். அவர்களுள் ஒருவரும் உள்ளே வந்து ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.