திடலும் தீர்ப்பும்

வெண்ணிற ஆடையும் வெண்ணிறத்தாரும் ஆட்சி செலுத்திய ஆட்டமாகவே டென்னிஸ் நெடுங்காலம் விளங்கிற்று. அத்திடலில் ஆர்தர் ஆஷ் என்னும் கறுப்பின வீரர் நின்று வென்ற வரலாற்றில், மட்டையோடு சட்டத்திற்கும் பங்குண்டு.

ஆஷ் 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அந்நகரின் சிறந்த திடல்கள் வெள்ளையருக்கே உரியவை. தந்தையார் காவல் புரிந்த, கறுப்பினத்தாருக்கான பூங்காவிலேயே அவர் பந்தடிக்கப் பழகினார். அவருக்குப் பயிற்சியளித்த மருத்துவர் வால்டர் ஜான்சன், கோட்டைச் சற்றே தாண்டி விழும் பந்தையும் எடுத்தாடுமாறு பணித்தார். கறுப்பினச் சிறுவன் வாதிட்டால் அதுவே அவனை விலக்கக் காரணமாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1968இல் ஆஷ் அமெரிக்கப் பொதுப் போட்டியில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர் என்பதால் 14,000 டாலர் பரிசை அவர் பெற இயலவில்லை. அக்காலத்தில் டேவிஸ் கிண்ண அணியின் தலைவராயிருந்த டொனால்ட் டெல் ஒரு வழக்குரைஞர். ஆஷின் ஒப்பந்தப் பணிகளை அவரே ஏற்றார். ஆட்டக்காரரின் பிழைப்பு சங்கங்களின் தயவில் கிடந்த நிலையை மாற்ற, 1972இல் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது; அதனை அமைத்தோருள் டெல்லும் ஒருவர். மறு ஆண்டே யூகோஸ்லாவிய வீரர் நிகோலா பிலிச் தடைசெய்யப்பட்டார். இலண்டன் உயர்நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆயினும் 81 ஆட்டக்காரர் விம்பிள்டனைப் புறக்கணித்தனர். வழக்கில் தோற்றோர் ஒற்றுமையால் வென்றனர்.

ஆனால், ஒப்பந்தத்தால் தீராத வழக்கொன்று இருந்தது, அது நிறவெறி. முன்பு ஆஷுக்கு நுழைவு அனுமதி மறுத்த தென்னாப்பிரிக்கா, 1973இல் இசைந்தது. பார்வையாளரை நிறத்தால் பிரித்து அமர்த்தலாகாது என்பது ஆஷ் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. அது முழுமையாகக் காக்கப்படவில்லை. ஒற்றையர் இறுதியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்ற அவர், டாம் ஓக்கருடன் இணைந்து இரட்டையர் பட்டம் பெற்றார். அவர் வந்தது கறுப்பினத்தாருக்கு ஊக்கமா, ஆட்சியாளருக்கு நற்சான்றா? அந்நாட்டுக் கறுப்பினத்தாரிடையேயே இருவேறு கருத்துகள் நிலவின.

அடுத்த ஆண்டு இவ்வினாவிற்கு இந்தியா வேறொரு விடை தந்தது. சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இடம்பெற்ற அணி, 1974இல் டேவிஸ் கிண்ண இறுதியை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. வெற்றி வாய்ப்பைத் துறந்த இளைஞர்களின் இழப்பு சிறிதன்று.

1975இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஷ்மீது கானர்ஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். சில நாள்களிலேயே இருவரும் விம்பிள்டன் இறுதியில் எதிர்நின்றனர். 6-1, 6-1, 5-7, 6-4 எனும் கணக்கில் ஆஷ் வென்றார். அங்கே ஒற்றையர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின ஆடவர் ஆனார். வழக்கு பின்னர்க் கைவிடப்பட்டது.

காலப்போக்கில் ஆஷ் புறக்கணிப்பின் பக்கமே சாய்ந்தார். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். ஒப்பந்தச் சொற்களை எண்ணி எடையிட்டு வாழ்ந்தவர், மனச்சான்றின் பொருட்டுச் சட்டத்தை மீறத் துணிந்தார். 1993இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அனைத்து இனத்தாரும் வாக்களித்தனர்.

சட்டம் உரிமையைக் காக்கும் வேலி. அவ்வேலி எவரை வெளியே நிறுத்துகிறது எனக் கேட்பது மனிதனின் கடமை. ஆஷின் வாழ்வு மாணவருக்கு உணர்த்தும் பாடம் இதுவே.