கண்ணாடிச் சோப்பின் வரலாறு

ஊடுருவிப் பார்க்கத்தக்க சோப்பைக் கண்டால் அது மாசற்றது என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றில் மகளிர் அத்தகைய சோப்பைக் காய்ச்சிப் பழகி வருகின்றனர், விற்கவும் எண்ணுகின்றனர். ஆதலின் அதன் வரலாற்றையும் இயல்பையும் ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் உழவர் குடியிற் பிறந்தவர் ஆண்ட்ரூ பியர்ஸ். அவர் இலண்டன் மாநகரில் சோஹோ என்னும் பகுதியில் முடிதிருத்தகம் நடத்தினார். அந்நாளைய சோப்பு காரம் மிகுந்தது, மேனியை வருத்துவது. அவ்வாறு கெட்ட மேனியைச் செல்வர் வீட்டு மகளிர் பூச்சுக்களால் மறைப்பதை அவர் கண்டார். மென்மையான சோப்பு ஒன்று செய்யத் துணிந்தார். சோப்பை எரிசாராயத்திற் கரைத்து, மாசு நீக்கி, உலர்த்தி, 1807-ஆம் ஆண்டில் கண்ணாடிச் சோப்பை விற்பனைக்குக் கொணர்ந்தார்.

கொழுப்பும் காரமும் கூடுங்கால் நிகழ்வது யாதென்பதைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் தம் நூலில் விளக்கியது 1823-இல்தான். கத்தரி பிடித்த கை அறிஞரின் நூலுக்குப் பதினாறு ஆண்டுகள் முந்திக்கொண்டது!

1853-இல் இங்கிலாந்தில் சோப்பு வரி நீங்கியபின் அத்தொழில் தழைத்தது. மில்லே என்னும் ஓவியர் தம் பேரன் குமிழி ஊதுவதாக 1886-இல் தீட்டிய படமும் பியர்ஸ் சோப்பின் விளம்பரமாயிற்று. தெளிவே தூய்மை என்னும் எண்ணத்தை விளம்பரங்கள் வேரூன்றச் செய்தன.

உண்மை யாது? சோப்பு இறுகும்போது நுண்ணிய படிகங்கள் தோன்றி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால் கட்டி வெண்மையாய்த் தோன்றுகிறது. எரிசாராயம், கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியன சேரின் படிகங்கள் வளரா. ஒளி தடையின்றி ஊடுருவும். விளக்கெண்ணெயும் இதற்குத் துணைபுரியும். மிஞ்சிய காரம் உள்ளே உண்டா இல்லையா என்பதை இத்தெளிவு நமக்குச் சொல்லாது.

நாம் நம் இல்லத்திற் செய்து பார்த்தபோது தராசே முதற் கருவியாயிற்று. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா ஏறத்தாழ 183 கிராம் வேண்டும். விளக்கெண்ணெய்க்கோ 128 கிராமே போதும். கண்மதிப்பு இங்கே உதவாது. நீரிற் சோடாவைச் சிறிது சிறிதாக இடல் வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. எரிசாராயம் 78 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. அதன் ஆவியோ எளிதில் தீப்பற்றுவது. ஆகவே வெந்நீரைக் காய்ச்சி இறக்கி, அடுப்பை அணைத்து, வேறோர் இடத்தில் அவ்வெந்நீரிற் பாத்திரத்தை வைத்தே கரைத்தல் வேண்டும். சிறுவரை அருகில் விடலாகாது.

இரயில்வே ஊழியராகிய நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சென்னையில் இரயில்வே மருத்துவராயிருந்த டாக்டர் வி. பி. சித்தன், தோல் நோயுற்ற தொழிலாளர்க்கு உதவ எண்ணி, 1969-இல் தம் மனைவியாரின் துணையுடன் வீட்டிலேயே மூலிகைச் சோப்புச் செய்தார். அதுவே மெடிமிக்ஸ். கண்ணாடிபோல் தெளிந்ததன்று அச்சோப்பு, பச்சைக் கட்டி. எனினும் நாடெங்கும் பரவிற்று. மக்கள் அதன் பயனைக் கண்டே வாங்கினர்.

ஆகவே நம் சகோதரிகளுக்கு நாம் கூற விழைவது இதுவே. விற்பனைக்குச் செய்வோர் அரசு உரிமம் பெறுக; இட்ட பொருள்களையும் அளவையும் உறைமேல் எழுதுக. கட்டியின் மறுபுறம் தெரிவதைக் காட்டி விற்பதினும், உள்ளே இட்டது இன்னதென்று சொல்லி விற்பதே நம் சங்கத்தின் பெயருக்கு ஏற்றதாம்.

வாழ்க தமிழ்! வளர்க கைத்தொழில்!