அணு விஞ்ஞானியும் நம்பிக்கைச் சோதனையும்

அணுவைப் பற்றிப் படித்த உங்களுக்கு இராபர்ட் ஓப்பன்ஹைமர் என்ற பெயர் புதிதல்ல. 1943 முதல் 1945 வரை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்து, முதல் அணுகுண்டை உருவாக்கியவர் அவர். அவரே அணு இரகசியங்களைப் பார்க்கக் கூடாது என்று 1954-இல் அந்நாட்டு அரசு தீர்ப்பளித்தது. ஏன்?

இரகசியங்களைக் கையாள அரசு தரும் இசைவே பாதுகாப்பு அனுமதி. நாட்டுப்பற்று மட்டும் இதற்குப் போதாது என்றது, 1953 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450 ஆம் ஆணை. குடிப்பழக்கம், ஒழுக்கம், மனநோய் ஆகியவற்றையும் ஆராயச் சொன்னது. மறைக்க வேண்டிய செய்தி உள்ளவரைப் பகைவர் மிரட்டிப் பணியவைக்கலாம் என்பது அச்சம். ஒருபாலுறவினர் பலர் இவ்வாறு வேலை இழந்தனர்.

1954 ஏப்ரல் 12 அன்று மூவர் குழு ஓப்பன்ஹைமரை விசாரிக்கத் தொடங்கியது. கம்யூனிஸ்டு நண்பர்கள், ஹைட்ரஜன் குண்டுக்கு அவர் காட்டிய எதிர்ப்பு, 1943-இல் பழைய காதலியுடன் கழித்த ஓர் இரவு, எல்லாம் கிளறப்பட்டன. நண்பர் ஒருவரின் பெயரைச் சொல்லத் தயங்கி, 1943-இல் பாதுகாப்பு அதிகாரியிடம் பொய் சொன்னதை அவரே ஒப்புக்கொண்டார். அது உண்மையான குறைதான். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை தெரிந்திருந்தும் 1947-இல் அவருக்கு அனுமதி நீடிக்கப்பட்டதே! இடையில் மாறியது அவர் குணமா, நாட்டின் அரசியலா? நீங்களே சிந்தியுங்கள்.

அவர் நாட்டுப்பற்றுடையவரே என்று குழு ஏற்றது. ஆயினும் இருவர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தனர். ஜூன் 29 அன்று அணுசக்தி ஆணையம் 4-க்கு 1 என்ற கணக்கில் அனுமதியை மறுத்தது. குணத்தில் குறை என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. மாறுபட்டு எழுதிய ஹென்றி ஸ்மைத் ஓர் இயற்பியலறிஞர்.

ஓப்பன்ஹைமர் 1967-இல் மறைந்தார். விசாரணை முறை பிழையானது என்று கூறி, 2022 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை அத்தீர்ப்பை நீக்கியது. மனநல ஆலோசனை பெற்றதை மட்டுமே வைத்து ஒருவரைத் தகுதியற்றவராகக் கருதக் கூடாது என்று 1995 ஆம் ஆண்டு ஆணை ஏற்கெனவே கூறியிருந்தது.

இந்த மாற்றத்தில் ஒரு நியாயம் உண்டு. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்றால் மனிதர் அதை மறைப்பார். நோயாளி மருத்துவரிடம் போக அஞ்சுவார். மறைத்த செய்திதானே மிரட்டுபவனின் ஆயுதம்? சோதனையே ஆபத்தை வளர்த்துவிடும். குறையை அஞ்சாமல் சொல்ல இடமிருக்கும் நாட்டில்தான் இரகசியமும் பத்திரமாக இருக்கும்.